அழித்து எழுதிய நோட்டு

என் மகள் மூன்றாம் வகுப்பு. தினமும் இங்கிலீஷ் கிராமர் வீட்டுப்பாடம் உண்டு. பத்து வாக்கியம், கோடிட்ட இடத்தில் இஸ், ஆர், வாஸ் எது வருமோ அதை நிரப்ப வேண்டும். பென்சிலால் விறுவிறுவென்று எழுதித் தள்ளிவிட்டு விளையாட ஓடிவிடுவாள்.

நான் பட்டுத் தறி நெய்கிறவள். குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்று பிசகினால், அதுவரை பிரித்து எடுத்துவிட்டு மறுபடி நெய்வேன். சேலை கை மாறும்போது பிசகு இருந்த சுவடே தெரியக் கூடாது. அந்தப் பழக்கம் நோட்டுக்கும் வந்துவிட்டது. எனக்கு என்ன பெரிய இங்கிலீஷ் தெரியும்? கைடு இருந்தது. அதன் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்து, அவளுடைய தப்பையெல்லாம் ரப்பரால் அழித்து, அவள் கையெழுத்திலேயே எழுதி வைப்பேன்.

"ஏம்மா அழிக்கற? மிஸ் பாத்தா சொல்லிக்குடுப்பாங்க" என்று ஒருநாள் கேட்டாள்.

"பேசாம சாப்புடு" என்றேன்.

மிஸ் தினமும் நட்சத்திரம் போட்டு அனுப்பினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் இங்கிலீஷ் கிராமரில் இருபதுக்கு மூன்று. எனக்கு வந்ததே கோபம்! பெற்றோர் கூட்டத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு செவிலிமேட்டில் பஸ் ஏறும்போதே சண்டைக்குத் தயாராகிவிட்டேன். போனதும் கேட்டேன். "தெனம் ஸ்டார் போட்டுட்டு இப்ப மூணு மார்க்குன்னா என்னா மிஸ் அர்த்தம்?"

மிஸ் நோட்டை விரித்தார். "தப்பு பண்ற பசங்கள ஸ்கூல் விட்டதும் உக்காரவெச்சி சொல்லிக்குடுக்கறேன்மா. இவ நோட்டுல ஒரு தப்புகூட இல்லியே." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "கைடைப் பாத்து எழுதிக்கினு வந்தியா?"

சுற்றிலும் ஏழெட்டு அம்மாக்கள். அதில் இரண்டு பேர் எங்கள் தெரு. மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா மிஸ்" என்றாள்.

"திருட்டுத்தனம் பண்ணலாமா?"

குழாயடியில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அன்றைக்கு அந்த வாய் எங்கே போய்த் தொலைந்ததோ. மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு தாயா என்றிருந்தது.

மறுநாள் காலை தறியைத் தொடாமல் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாரும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே வாசலில் நின்று சொன்னேன்.

"பாத்து எழுதினது இவ இல்ல மிஸ். நான்தான் அழிச்சி அழிச்சி எழுதினேன்."

மிஸ் மகளைப் பார்த்துக் கேட்டார். "அப்புறம் ஏம்மா நீ ஆமான்னு சொன்ன?"

"நேத்து எல்லா அம்மாவும் இருந்தாங்களே மிஸ்" என்றாள்.