கயிறில்லாத நீல வாளி

எங்கள் வீட்டில் டிவி உண்டு, படம் மட்டும் வராது. கல்யாணத்துக்கு என் அப்பா வள்ளியூரிலிருந்து வேனில் ஏற்றி அனுப்பிய பெட்டி அது. பார்த்தால் மர அலமாரி மாதிரி இருக்கும், முன்னால் இழுத்து மூடுகிற கதவு வேறு. தொண்ணூறுகளில் டிவி பார்ப்பது பாவம் என்று ஒரு எழுப்புதல் கூட்டத்தில் கேட்டுவந்த என் வீட்டுக்காரர், மறுநாளே திருப்புளியை எடுத்து அதன் குடலை எல்லாம் உருவிவிட்டார். பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவருக்குக் கழற்றச் சொல்லியா தரவேண்டும்? காலியான பெட்டிக்குள் வேதப்புத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் அடுக்கினார். தச்சநல்லூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதவை இழுத்துக் காட்டிப் பெருமைப்படுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அப்பா வாங்கித் தந்ததை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். "மனசுங்கிறது குடியிருக்கிற வீடு மாதிரி. கண்ட கதையையும் உள்ள விட்டா, ஒரு நாளைக்கு அது உங்களை வெளிய தள்ளிட்டு நடுவீட்டுல உக்காந்துக்கிடும்" என்று ஐயர் பிரசங்கத்தில் சொல்வார். நான் தலையாட்டிக்கொண்டே, டிவித் தொடரில் அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் புறவாசலுக்கும் அடுத்த வீட்டுப் புறவாசலுக்கும் நடுவே ஒரு பொதுச்சுவர். ஒரு மழையில் அதில் பாதி சரிந்து இடுப்பளவுக்கு நின்றது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரு அடங்கியதும், கவிழ்த்துப் போட்ட உரலில் கால் வைத்து அந்தப் பக்கம் இறங்குவேன். அங்கே ஒரு கிணறு, அதைத் தாண்டினால் அடுக்களைக் கதவு. உள்ளே அந்த அக்கா டிவியைப் போட்டுவிட்டு எனக்குப் பாய் விரித்து வைத்திருப்பாள். நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் ஏதோ ஒரு அரசாங்க ஆபீசில் இருந்தார். காலையில் முன்கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார், இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். பூட்டு தொங்குவது எனக்கு நல்லதாகப் போயிற்று. பூட்டிய வீட்டுக்குள் நான் உட்கார்ந்து டிவி பார்க்கிறேன் என்று சபைக்காரர்களுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்?

தொடரின் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. பணக்கார வீட்டு மருமகள். அவளை மாடி அறையில் போட்டு அடைத்துவிட்டார்கள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுவாள், நானும் அழுவேன். அப்படியே விக்கி விக்கி அழுதிருக்கிறேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அக்கா அழமாட்டாள். ஒரு நாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, நீங்கதான் கூடி இருந்து ஜெபம் பண்ணுவிகளே. அடைச்சுக் கிடக்கிறவளுக்காக உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள்.

"கதைக்குப் போயி ஜெபமா? போங்கக்கா" என்று நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் பெண்களுக்கு உபவாச ஜெபம். காலை பத்து மணிக்கு ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டில் கூடுவோம். ஆளுக்கு ஒரு விண்ணப்பம் சொல்லவேண்டும். டீச்சரம்மா அதை நோட்டில் எழுதிக்கொள்வார், கேட்டது நடந்தவர்கள் எழுந்து சாட்சி சொன்னதும் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிப்பார். கல்யாணமாகி மூன்று வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் நான் வாயைத் திறக்குமுன்பே எனக்காக யாராவது என் வயிற்றைச் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு பேரும் என் வயிற்றை நினைத்துக்கொண்டு கண்ணை மூடுவது எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை என் முறை வந்தபோது அவசர அவசரமாக, "எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரி. வீட்டுல அடைச்சுப் போட்டிருக்காவ. கதவு திறக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

"பேரு என்னம்மா?"

நான் முழித்தேன். "பேரு வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும்" என்று டீச்சரம்மாவே சொல்லி எழுதிக்கொண்டார்.

அதோடு விட்டதா? அடுத்த வெள்ளி, "அந்தச் சகோதரி எப்படி இருக்கா?" என்று கேட்டார்கள். நான் அந்த வாரத்துத் தொடரைச் சொன்னேன். "சாப்பாடு கொடுக்க மாட்டேங்காவ" என்றேன். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். இரண்டு பேர் அவளுக்காக மறுநாளும் உபவாசம் இருந்தார்கள். ஒரு பாட்டி கண்ணீர்விட்டார். ஐயோ, சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொள்ளும். ஆனால் வாய் வராது.

அதன்பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. சாப்பாட்டுக்காக ஜெபித்த மறுவாரம், தொடரில் ஒரு வேலைக்காரி சன்னல் வழியாகச் சோறு கொடுத்தாள். மாமியாரின் மனம் இளக ஜெபித்தோம், மாமியார் படுக்கையில் விழுந்தாள். கதவு திறக்கவேண்டும் என்று எல்லாரும் முழங்காலில் நின்ற வாரத்தில் கதவு திறந்தே விட்டது. யாரோ சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற கதை, எப்போதோ படம்பிடித்து முடித்தது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பயம் போகவில்லை. சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு என் வீட்டுக்காரர் அந்தக் காலிப் பெட்டியின் கதவை இழுப்பார். வேதப்புத்தகத்துக்குப் பின்னால் இருந்த இருட்டில் எனக்கு அந்த மருமகள் தெரிவாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு. கண்ணை மூடினாலும் போகமாட்டாள். ஐயர் சொன்னபடி என்னை வெளியே தள்ளிவிட்டு ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

கதவு திறந்த செய்தியை அந்த வெள்ளிக்கிழமை சாட்சியாகச் சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். டீச்சரம்மா சிவப்புப் பேனாவை எடுத்தார். அப்போது எங்கள் குழுவில் பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு அக்கா, அதிகம் பேசாதவள், கண்ணைத் திறக்காமலே, "அடிக்காதிய டீச்சரம்மா. அவ இன்னும் உள்ளதான் இருக்கா" என்றாள்.

டீச்சரம்மா பேனாவை இறக்கினார். "எனக்கு ஒரு கிணறு தெரியுது. கிணத்துமேட்டுல நீல வாளி. வாளியில கயிறு இல்ல" என்றாள். அப்புறம் கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தாள். இன்னும் ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டது போல இருந்தது.

எனக்கு, உண்மையைச் சொன்னால், நிம்மதிதான் வந்தது. தொடரில் வருவது மாடி பங்களா, அதில் கிணறே கிடையாது. சரிதான், இந்தம்மாவும் நம்மை மாதிரி அளந்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு மணிக்கு உரலில் கால் வைத்துச் சுவரைத் தாண்டினேன்.

கிணற்றுமேட்டில் நீல வாளி இருந்தது.

தினமும் இருப்பதுதான். தினமும் அதன் கைப்பிடியில் ஒரு தேங்காய்நார்க் கயிறு சுருண்டு கிடக்கும். அன்றைக்குக் கயிறு இல்லை. உருளை மட்டும் வெயிலில் வெறுமனே தொங்கியது. காக்கைகூடக் கத்தவில்லை. அந்த இடத்திலேயே நின்றேன். உள்ளேயிருந்து தொடரின் ஆரம்பப் பாட்டு கேட்டது.

போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் நியாயப்படுத்தப்போவதில்லை. தொடரில் வெளியே வந்தவள் எங்கே போகிறாள் என்று எனக்குப் பார்க்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அக்கா அன்றைக்கு டிவியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டியா உங்க சாமிகிட்ட?" என்றாள்.

"கேட்டோம்க்கா. எத்தன பேரு உபவாசம் இருந்தோம் தெரியுமா! கதவு திறந்துட்டுல்லா!"

"அவளுக்குத் திறந்துட்டு" என்றாள் அக்கா.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. படம் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. இருண்ட கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் முன்கதவும், அதன் இரண்டு பலகைக்கு நடுவே மெல்லிய வெளிச்சக்கோடும், கோட்டின் குறுக்கே வெளியில் தொங்குகிற பூட்டின் நிழலும் தெரிந்தன. எத்தனை நாள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன்! அந்தப் பூட்டு எனக்கு மறைவு என்று மட்டும் நினைத்திருந்தேன். உள்ளே ஒருத்தி இருக்கும்போது வெளியே எதற்குப் பூட்டவேண்டும் என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"அக்கா, வாளிக் கயிறு எங்க?"

"உள் ரூம்புல இருக்கு."

"அங்கன என்னத்துக்கு?"

அவள் அணைந்த டிவியைப் பார்த்தே பேசினாள். "ரெண்டு வருசமாச்சு பூட்ட ஆரம்பிச்சு. சொல்லாம அண்ணன் வீட்டுக்கு ஒருநாப் போயிட்டேன்னு. இன்னைக்கு டிவில இவ எங்க போறான்னு பாத்துட்டு, நீ போனதும்... பைய முடிச்சுக்கிடலாம்னு இருந்தேன்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். நல்லபடியாகப் பேசவெல்லாம் தெரியவில்லை, "எந்திரிங்க, எந்திரிங்க" என்று கத்தினேன். கிணற்றடிக்கு வந்ததும் சுவருக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். "நான் அங்கன வரலாமா?" என்று கேட்டாள். இடுப்பளவுச் சுவர்தான். ஒரு வருஷமாக நான் தாண்டித் தாண்டி வந்திருக்கிறேன். இந்தப் பக்கம் வாங்க என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, டிவி பார்ப்பது வெளியே தெரிந்துவிடுமே என்று. நான் அழுதுகொண்டே அவளை ஏற்றி இறக்கினேன்.

எங்கள் நடுவீட்டில் அந்தக் காலிப் பெட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப்பக்கம், ஆளில்லாத வீட்டில் டிவி தானாகப் பேச ஆரம்பித்தது. ஒரு பெண் அழுதாள், யாரோ சிரித்தார்கள், விளம்பரம் பாடியது. மாலை வரை அது பேசிக்கொண்டே இருந்தது. அக்கா என் முந்தானையை விடவில்லை.

ஆறு மணிக்கு வந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், தொடர் உட்பட. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "அந்தப் பூட்டை நானும் தினம் பாக்கேன். ஆளில்லாத வீடுன்னு நெனச்சேன்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எஸ்டிடி பூத்திலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு, அக்காவின் அண்ணனுக்குப் பேசினார். அண்ணன் அடுத்த பஸ்ஸில் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். அவள் வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தியதையெல்லாம் எழுதிப் பயனில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர்விட்ட பாட்டி, "அப்போ நாங்க டிவிக்காரிக்கா உபவாசம் இருந்தோம்?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போகலாம் போல இருந்தது. டீச்சரம்மா நோட்டைத் திறந்து, "எது எப்படியோ, கதவு திறந்துட்டு. நீயே அடிச்சிரு" என்று சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

பேனாவை வாங்காமல் பீடி சுற்றும் அக்காவிடம் திரும்பினேன். "அன்னைக்கு இன்னும் ஏதோ சொல்ல வந்தீங்களே, என்னக்கா அது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வற்புறுத்திய பிறகுதான் சொன்னாள்.

"கிணத்துக்கிட்ட ரெண்டு பேரு தெரிஞ்சாவம்மா. ஒருத்தி வாளிய வச்சிக்கிட்டு நிக்கா. இன்னொருத்தி சுவத்து மேல ஏறி நிக்கா. கை நீட்டுனா தொட்டுரலாம், அவ்வளவு கிட்டக்க. ஆனா சுவத்துல நின்னவ அவளப் பாக்கவே இல்ல, எங்கியோ பாத்து அழுதுக்கிட்டிருந்தா. உன் சேலையத்தான் கட்டியிருந்தா. எப்படிம்மா உன்கிட்ட சொல்லுவேன்?"