ஆல்பின் சயாவின் கைக்குட்டை

தேநீர்க் கோப்பையின் விளிம்பை மூன்று முறை துடைத்த பிறகே ஆல்பின் சயா அதில் வாய் வைப்பார். வெள்ளைக் கைக்குட்டை, கஞ்சியிட்டு, நான்காய் மடித்து, ஒரு மூலை மட்டும் சட்டைப்பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்படி வைத்திருப்பார். தாம் குடியிருக்கும் தாமுவேயிலிருந்து மிங்கலாடோனுக்கு வரும் பேருந்தில் இருக்கையைத் துடைத்துவிட்டு அமர்வார். இறங்குமுன் தாம் பிடித்திருந்த கம்பியைத் துடைத்துவிட்டு இறங்குவார், பின்வருவோர்க்குச் செய்யும் அறமாக. ஞாயிறு ஆராதனையில் அவர் பாட்டுப் புத்தகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் சபை முதல் பாட்டைப் பாடி முடித்திருக்கும். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த அவருடைய பாட்டனார் முப்பது ஆண்டுகள் ஒரு மைக்கறையும் படியாமல் கடிதம் எழுதியவராம். "அந்த ரத்தம்," என்று மார்பைத் தொட்டுக் காட்டுவார். தொட்ட இடத்தையும் துடைப்பார்.

சயா என்றால் பர்மிய மொழியில் ஆசான். அப்பட்டத்தை அவருக்கு யார் அளித்தார் என்று கேட்டால் விடை கிடையாது. அவரே முதலில் தம்மை அவ்வாறு அழைத்துக்கொண்டதாகத் தாமுவே முழுவதும் கருதுகிறது. வாரத்தில் நான்கு நாள் ஃபைபர் தண்ணீர்த்தொட்டிகளின் விரிசலை அடைப்பதும், படகுகளின் அடிவயிற்றுக்கு ஒட்டுப் போடுவதும் அவர் தொழில். அதைப் பற்றிப் பேசமாட்டார். எஞ்சிய நாள்களில் மிங்கலாடோனில் உள்ள துப்பாக்கி சுடும் கழகத்தின் பட்டறைக் கொட்டகையில் அவர் செய்யும் 'பெட்டிங்' பற்றி மட்டும் பேசுவார். போட்டித் துப்பாக்கியின் இரும்புப் பாகம் கட்டையில் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். ஆடினால் குறி ஆடும். ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் எபாக்சிப் பசையை நிரப்பி, இரும்பை அதில் பள்ளிகொள்ளச் செய்து, பசை இறுகியபின் எழுப்பி எடுப்பர். இரும்பின் வடிவம் அச்சாகப் பசையில் பதிந்திருக்கும்.

"தண்ணித்தொட்டி வயித்துக்கு, துப்பாக்கி மனசுக்கு," என்பார் சயா. "இடுக்குல ஒரு மயிர் நொழையக் கூடாது. நொழைஞ்சா அது பெட்டிங் இல்ல, வாடகை வீடு."

இத்துணைப் பேசும் இவர் தம் வாழ்நாளில் ஒரு தோட்டாவும் சுட்டதில்லை. சுடுகளத்தில் முதல் வெடி கேட்குமுன் இரு காதிலும் பஞ்சு ஏறிவிடும். முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். போர்க்களத்துக்கு முதுகு காட்டுவதைப் பழந்தமிழ் வீரர் இழுக்கென்றனர். சயா அதைப் பாதுகாப்பு விதி என்பார்.

"சயா, ஒரு வாட்டியாச்சும் நீங்க சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டவர் சாந்தகுமாரி.

"கல்யாண மண்டபம் கட்டுறவன் தாலியும் கட்டணுமா, மா சாந்தா?"

சாந்தகுமாரி மிங்கலா தாங்ஞுன்டில் ஒரு மருந்துக்கடையில் பகல் முழுவதும் நிற்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. நின்று நின்று பழகிய அந்த உடலுக்குச் சிலையின் அமைதி வாய்த்திருந்தது. ஆயினும் மூவரைத் தேர்ந்தெடுக்கும் கழக அணித் தேர்வில் எட்டு ஆண்டுகளாக அவர் நான்காவது. காரணம் மரக்கட்டை. மழைக்காலத்தில் மரம் ஊதும். காலையில் பதிந்த குறி மாலையில் ஒரு விரற்கடை விலகி நிற்கும். இம்முறை பாங்காக்கிலிருந்து உறவினர் வழியாக ஒரு பிளாஸ்டிக் கட்டை தருவித்திருந்தார். தேர்வு சனிக்கிழமை. தம் பெயரில் பதிவான எண்ணுள்ள துப்பாக்கியை மட்டுமே சுடலாம், இரவல் செல்லாது. இவ்வளவையும் விளக்கிச் சொல்லித்தான் புதன்கிழமை காலையில் அவர் துப்பாக்கியையும் கட்டையையும் சயாவின் கையில் ஒப்படைத்தார்.

இந்த வேலையில் உயிர்நிலை ஒன்று உண்டு: மெழுகு. பசை கட்டையை மட்டும் பற்ற வேண்டும், இரும்பைப் பற்றலாகாது. ஆதலின் இரும்பின்மேல் மெழுகை இரண்டு பூச்சுப் பூசி, திருகாணிகளுக்கும் பூசி, அதன் பிறகே பசையில் இறக்க வேண்டும். சயா அறியாதவர் அல்லர். பூசினார். பிறகு குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மெழுகு ஒரு படலமாகத் தெரிந்தது. அவர் நெஞ்சில் ஒரு தத்துவம் எழுந்தது. அதை அன்றே கழகத்தாரிடம் விளக்கவும் செய்தார்: "மெழுகும் ஒரு இடுக்குதானே? நாளைக்கி மெழுகு போயிடும். அப்ப அங்க என்ன இருக்கும்? காத்து! காத்துக்கா நான் வேல செய்றேன்?" ஆகவே துடைத்தார். பூசினார், துடைத்தார். மூன்றாம் முறை துடைத்தபோது இரும்பில் தம் மூக்கு தெரிந்ததாகப் பெருமையுடன் கூறினார்.

வெள்ளிக்கிழமை காலையில், அடியார்கள் பிறவிதோறும் வேண்டி நிற்கும் இரண்டறக் கலத்தல் ஒரு துப்பாக்கிக்குக் கைகூடியிருந்தது. திருகாணிகளைக் கழற்றினார்; இரும்பு எழவில்லை. ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார், எழவில்லை.

"கொஞ்சம் வெக்கப்படுது," என்றார் சயா.

"ரெண்டு நாளா கட்டிக்கிட்டு கெடக்கு, இப்பத்தான் வெக்கமா?" சாந்தகுமாரியின் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "மெழுகு போட்டீங்களா இல்லியா?"

"போட்டேன். பைபிள் மேல சத்தியமா போட்டேன்."

அவர் கை நீட்டிச் சயாவின் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். விரித்தார். முகர்ந்தார். "மெழுகெல்லாம் இங்கதான இருக்கு!" என்று அதை மேசைமேல் எறிந்தார். கஞ்சியும் மெழுகும் ஏறிய அந்தத் துணி மடியாமல் நின்றது.

"நாளைக்கி காலையில எட்டு மணிக்கி என் பேரக் கூப்புடுவாங்க, சயா. நான் என்னத்த தூக்கிக்கிட்டுப் போறது? ரெண்டு வருசம் கழிச்சு அடுத்த தேர்வு. அதுக்குள்ள எனக்குக் கண்ணு மங்கிடும்."

சயா சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு, படகுத்துறையில் எப்போதோ கற்றதை நினைவுகூர்ந்தவராய், "குளுரு குடுத்தா இரும்பு சுருங்கும், பசை விட்டுக்குடுக்கும்," என்று முணுமுணுத்தார். ஊரெங்கும் மின்சாரம் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் ஆண்டவனே அறிவான். ஜெனரேட்டரில் ஓயாது ஓடும் உறைபெட்டி கழகத்தில் ஒன்றே ஒன்றுதான், சிற்றுண்டிக் கடையில். அதன் அரசி காளியம்மா.

"அமலே, அம்மாடி!" என்று அவர் கரண்டியோடு எழுந்தார். "எறாலுக்கு நடுவுல துப்பாக்கியா? நாளைக்கி பீரங்கி கொண்டாருவீங்க, சமோசாவ எடுத்துட்டு எடம் குடுக்கணுமாக்கும்?"

"தோட்டா இல்ல, அக்கா. சுட வைக்கிற போல்ட்டும் அலமாரியில பூட்டியிருக்கு. அது இப்ப வெறும் இரும்பு," என்றார் சாந்தகுமாரி.

"வெறும் இரும்புன்னா எறால் நாத்தம் புடிக்காதா? யோவ் சயா, மூடிய என்னத்துக்குத் தொடைக்கிற? இங்கயும் தொடைச்சுத் தொலைச்சுடாத!"

வெளியேற்றப்பட்ட இறாலுக்கு வேறு கதியில்லை. அன்று நண்பகல் கழகத்தார் அனைவருக்கும் இறால் குழம்பு. சாந்தகுமாரி உண்ணவில்லை. உறைபெட்டிக்கு எதிரே முக்காலியில் அமர்ந்து, மருத்துவமனை வாசலில் இருப்பவரைப் போல அதன் மூடியையே பார்த்திருந்தார். சயா உண்டார், இரண்டாம் முறையும் வாங்கி உண்டார்.

மாலை நான்கு மணிக்கு எடுத்தனர். வெண்பனி படிந்த துப்பாக்கியைச் சாந்தகுமாரி தலைகீழாகப் பிடித்து, மடித்த கம்பளத்தின்மேல் தாழ்த்தி, குழலை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாம் அறையில் விரல் சொடுக்கும் ஓசைபோல ஒரு சிற்றொலி. இரும்பு கழன்று கம்பளத்தில் விழுந்தது.

இங்கேதான் விதி சயாவின் பக்கம் சாய்ந்து பெரும் பிழை செய்தது. கட்டையினுள் பசை கருங்கண்ணாடியாய் ஒளிர்ந்தது. இரும்பின் அடியில் பொறித்த எண்கூட அதில் இடம்வலம் மாறி எழுத்தெழுத்தாகப் பதிந்திருந்தது. கட்டைவிரல் நகமளவு ஒரு துண்டு மட்டும் பெயர்ந்திருந்தது. அவ்வளவு நேர்த்தியான படுக்கையை அக்கழகம் அதுவரை கண்டதில்லை.

"நான் சொல்லல?" என்றார் சயா.

சனிக்கிழமை மழை கொட்டியது. சயா சிற்றுண்டிக் கடையின் பின்சுவரைப் பார்த்து, காதில் பஞ்சோடு, ஒன்றரை மணி நேரம் நின்றார். போட்டி முடிந்ததைக்கூட அவர் அறியவில்லை. காளியம்மாதான் வந்து ஒரு காதின் பஞ்சைப் பிடுங்கினார்: "யோவ், மூணாவது! ஒரே ஒரு புள்ளியில மூணாவது!"

அடுத்த கணமே பட்டறைக் கொட்டகையில் பிரசங்கம் தொடங்கியது. "குளுரு குடுத்த இரும்பு! அதான் நேராப் போச்சு. இனிமே எல்லாத்தையும் ஐஸ்ல வச்சுத்தான் எடுக்கப்போறேன்."

சாந்தகுமாரி உள்ளே வந்தார். நனைந்திருந்தார், கண் சிவந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார். "உங்க கைக்குட்டைக்குத் தப்பிச்ச மெழுகு கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு பாருங்க, சயா, அதுதான் என்னைக் காப்பாத்திச்சு."

"அப்புடி ஒண்ணும் தப்பியிருக்காது," என்றார் சயா, மனம் புண்பட்டவராக.

மறுவாரம் சாந்தகுமாரி ஒரு டப்பா மெழுகு வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். மேசையின் இரும்புப் பிடியில் வேறொருவரின் துப்பாக்கி காத்திருந்தது. "ரெண்டு கோட்டு பூசணும். தொடைக்கக் கூடாது. என் கண்ணு முன்னாடி போடுங்க."

"ஹோட்டே, ஹோட்டே," என்று பர்மிய மொழியில் பணிந்து, சயா பூசினார். உலரவிட்டு மறுபடியும் பூசினார். மாணவனைச் சோதிப்பவர்போலச் சாந்தகுமாரி குனிந்து பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"கைக்குட்டைய இங்க குடுங்க."

சயா நெடுநேரம் தயங்கிக் கொடுத்தார். அதை மடித்துத் தம் பையில் இட்டுக்கொண்டு, சாந்தகுமாரி தேநீர் குடிக்க வெளியே போனார். அவருடைய செருப்போசை சிற்றுண்டிக் கடை வாசலில் அடங்கும்வரை சயா அசையவில்லை. இரும்பின்மேல் மெழுகு மங்கலாகப் படர்ந்திருந்தது. அவர் வாசலைப் பார்த்தார், குனிந்தார், இடுப்பில் கட்டிய லோஞ்ஜியின் நுனியை எடுத்துச் சுட்டுவிரலில் இறுகச் சுற்றிக்கொண்டார்.