ஏழாம் நம்பர் சட்டை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். தையல்காரன் என்றால் கதையையும் கொஞ்சம் கூட்டித் தைப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. இதில் நான் ஒரு நூல்கூடச் சேர்க்கவில்லை. நேரம்கூடச் சரியாக நினைவிருக்கிறது, ஏனென்றால் கடையின் கடிகாரம் என் தலைக்கு நேர் மேலே இருக்கிறது.

எங்கள் ஊருக்கு இருநூற்றைம்பதாவது ஆண்டு விழா. முதன்முதலில் பன்னிரண்டு பேர் ஒரே படகில் ஆற்றைக் கடந்து வந்து இந்த ஊரை உண்டாக்கினார்களாம். அதேபோலப் பன்னிரண்டு பேர், பழைய காலத்து உடை போட்டுக்கொண்டு, அக்கரையிலிருந்து துடுப்புப் போட்டு எங்கள் படித்துறைக்கு வர வேண்டும். உடை தைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஏழாவது இருக்கை என் மனைவியின் தம்பிக்கு.

நடையைப் பார்த்து அவனை எல்லோரும் வாத்து என்றுதான் கூப்பிடுவோம். வேலை போய் ஒரு வருடமாக வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். படகில் இடம் கிடைத்த அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தான். விழாச் செயலாளருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அந்த இடத்தில் தன் ஆளை ஏற்றச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும்.

என் வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன். நான் அளவெடுத்து உரக்கச் சொல்வேன். தடுப்புக்குப் பின்னால் மெஷினில் இருக்கும் மனைவி சீட்டில் எழுதுவாள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். மார்பளவு எடுக்கும்போது, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பேன். எவ்வளவு ஒல்லியான ஆளானாலும் டேப் ஒரு அங்குலமாவது நகரும்.

பன்னிரண்டு சீட்டும் எழுதி முடித்த மாலை அது. மணி 6.40. கரண்ட் போனது. செல்போன் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினால், கண்ணாடிக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிறான்.

கதவில் மணி கட்டியிருக்கிறேன். அது அடிக்கவில்லை.

"அளவு எடுக்கணும்," என்றான்.

"எதுக்கு?"

"படகுக்கு."

"எத்தனாவது ஆளு?"

"ஏழு."

எனக்குச் சுருக்கென்றது. செயலாளர் வேலையைக் காட்டிவிட்டார் என்று நினைத்தேன். "ஏழாவது என் மச்சினனாச்சே?"

அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். யாருடைய ஆள் என்று பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று டேப்பை எடுத்தேன்.

"ஏழாம் நம்பர். தோள் பதினெட்டு. கை இருபத்தாறரை..."

தடுப்புக்குப் பின்னால் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. அவன் சட்டை ஈரமாக இருந்தது. வெளியே மழை இல்லை.

"மார்பு முப்பத்தெட்டு. மூச்சை இழுத்துப் பிடிங்க."

"பிடிச்சுட்டேன்."

டேப் நகரவில்லை.

"விடுங்க."

நகரவில்லை...

மணி 6.52. தரையில் ஏதோ சொட்டியது. டப்... டப்...

"போன தடவை ஒருத்தரை எறக்கிட்டுத்தான் ஏற வேண்டியதாப் போச்சு," என்றான் மெதுவாக.

கரண்ட் வந்தது.

கண்ணாடியில் நான் மட்டும் இருந்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "தனியா யாருகிட்ட பேசிட்டிருக்கீங்க?"

"வந்திருந்தானே ஒருத்தன்."

"உங்க குரல்தான் கேட்டுச்சு. ஏழுன்னு இப்ப ரெண்டு சீட்டு இருக்கு. எதை வைக்கிறது?"

பயத்தை மறைக்கக் கோபத்தை வரவழைத்துக்கொண்டேன். செயலாளரின் ஆள் இருட்டில் நழுவிவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் நீட்டியதில் மேலே இருந்த சீட்டைப் படித்துக்கூடப் பார்க்காமல் கிழித்துப் போட்டேன்.

நான்கு நாளில் பன்னிரண்டு உடை. சீட்டைப் பார்த்துத் துணி வெட்டினேனே தவிர, ஆளை நினைத்துப் பார்க்க நேரமில்லை. விழா நாள் காலை 8.10க்கு வாத்து சட்டையைப் போட்டான். சட்டைக் கை விரல் நுனி வரை தொங்கியது. தோள் சரிந்தது. நான் கிழித்தது அவனுடைய சீட்டை.

கூடவே வந்திருந்த செயலாளர் சிரித்தார். "சட்டை பொருந்தாட்டி எடம் இல்ல. அந்த எடம் காலியாவே வரட்டும். இனி எங்க போயி ஆளு தேட?"

அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். அவரிடம் மாற்று ஆளே இல்லை.

வாத்து சட்டையைக் கழற்றி மேசையில் எறிந்தான். "நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களே மாமா." அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவனை இழுக்காத குறையாக ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன்.

9.05. படகு நடு ஆற்றுக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது.

வாத்து என் கையைப் பிடித்தான்.

"மாமா... என் எடத்துல யாரு?"

எண்ணினேன். பன்னிரண்டு.

மறுபடி எண்ணினேன்.

பன்னிரண்டு...

ஏழாவது ஆள் துடுப்புப் போடவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. சட்டைக் கை மணிக்கட்டோடு நின்றது. அது என் தையல்.

படித்துறையில் ஏறியவர்கள் பதினொரு பேர்.

கடைக்கு ஓடினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

மேசையில் சட்டை இல்லை.

தரையில் தண்ணீர்.

இரண்டு வாரம் கழித்து ஊர் அருங்காட்சியகத்தின் காப்பாளர் கால்சட்டை சரிசெய்ய வந்தார். வாத்து தடுப்புக்குப் பின்னால் அக்காவோடு உட்கார்ந்திருந்தான். என்னோடு அதுவரை பேசவில்லை. நான் சும்மா கேட்பதுபோல, "இருநூறாவது விழாவிலயும் படகு விட்டாங்களா?" என்றேன்.

"விட்டாங்க. அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. ஏழாவதா உக்காந்திருந்த பையன் நடு ஆத்துல விழுந்துட்டான். கூட இருந்தவங்களுக்கே தெரியல."

"எப்படித் தெரியாமப் போகும்?"

"கரைக்கு வந்து எண்ணினப்போ பன்னெண்டு பேர் சரியா இருந்தாங்களாம். எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. மூணாம் நாள்தான் உடம்பு ஒதுங்குச்சு."

தடுப்புக்குப் பின்னால் மெஷின் நின்றது.

"ஒண்ணு மட்டும் யாருக்கும் புரியல," என்றார் காப்பாளர். "பையன் மேல சட்டை இல்ல. விழாவுக்குன்னு தச்ச சட்டை. கடைசி வரைக்கும் அது கெடைக்கல."