குற்றாலத்தில் காயாத பால்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவள். கடைசி மகன் நாலு வருடம் கழித்து துபாயிலிருந்து வருகிறான். அவனை அழைக்க, அவன் மகளையும் கூட்டிக்கொண்டு, சுரண்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காரில் போகிறேன். குற்றாலம் வரும்போது அவனே போன் பண்ணுகிறான். அங்கே ஏதோ சண்டை, வானத்தை அடைத்துவிட்டார்களாம். விமானம் எப்போது கிளம்பும் என்று தெரியாதாம்.

டிரைவர் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்துகிறார். கடைக்காரர் சாரலில் நனைந்த விறகை ஊதிக்கொண்டிருக்கிறார்.

"கேஸ் இல்லையா அண்ணாச்சி?"

"சிலிண்டர் வரல ஆச்சி. கப்பல் அந்தச் சண்டைக்குள்ள நிக்குதாம்லா. எங்கயோ அடிச்சிக்கிடுதானுவ, இங்கன என் அடுப்பு அணைஞ்சு கெடக்கு."

"என் மவனும் அங்கனதான் நிக்கான். உம்ம அடுப்பு எரிஞ்சா அவன் வந்துருவான்னு சொல்லும், நானும் ஊதுதேன்."

அவர் சிரிக்கவில்லை. இன்னும் பலமாக ஊதுகிறார்.

"திரும்பிருவோமா ஆச்சி?" என்கிறார் டிரைவர்.

வண்டியைத் திருப்பாத வரைக்கும் நான் மகனை அழைக்கப் போகிறவள். "பால் காயட்டும்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேத்தி சாலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஏட்டி, இங்கன வா. நான் எழுதுனத, உங்கப்பாவுக்குக் கேக்குத மாதிரி சத்தமா வாசி.