ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் வெள்ளைக் கட்டம்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஸ்டூடியோ அக்கா என்பார்கள். பத்து வருடம் போட்டோ ஸ்டூடியோவில் ஊரார் முகத்துப் பருவையெல்லாம் கணினியில் துடைத்துவிட்டு, நாற்பது வயதில் கேம் கம்பெனிக்குப் படம் வரைய வந்தவள். மொத்தமே நாலு பேர். அதில் புரோகிராம் எழுதுகிறவனுக்கு அவள் வைத்த பெயர் கஞ்சன். பின்னே என்ன? ஒரு படம் நூறு கேபி கூடினால் போதும், சொத்தே போன மாதிரி வந்து நிற்பான்.

அன்று காலையும் வந்து நின்றான்.

"அக்கா, பின்னணிப் படமெல்லாம் ரொம்ப கனம். ஜேபெக்கா மாத்திடுங்க, சின்னதாயிடும். நாலு மணிக்கு கேமை அனுப்பணும்."

அனுப்பாவிட்டால் வாங்குகிறவர்கள் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வார்கள். நாலு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஸ்டூடியோப் பழக்கம் லேசில் போகுமா? அங்கே வேலை முடிந்தால் மொத்த ஃபோல்டரையும் ஜேபெக் ஆக்கி, மூலத்தை அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கை தானாக அதையே செய்தது. மதியம் கேமை ஓட்டிப் பார்த்தால், மலையேறும் ஆட்டுக்குட்டி முதுகில் வெள்ளை அட்டையை ஒட்டிக்கொண்டு குதிக்கிறது. மரம், பறவை, எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளைக் கட்டம். வானத்துக்கும் மலைக்கும் ஜேபெக் போதும், உருவங்களுக்கு பிஎன்ஜிதான், அதில்தான் சுற்றியிருக்கும் இடம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று கஞ்சன் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். மூன்று வருடம் வரைந்தது அத்தனையும் போயிற்று.

"தம்பி, எல்லாத்தையும் அழிச்சுட்டேன்" என்றாள்.

அவன் திட்டவில்லை. தன் கணினியில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினான். 'அக்கா படம், தொடாதே' என்று பெயர். உள்ளே முதல் நாள் வரைந்த கோணல் ஆடு தொடங்கி நேற்றைய பறவை வரை, எல்லாம் பிஎன்ஜி, முழு அளவில், அவன் அன்றன்றே நகலெடுத்து வைத்தது.

"எவ்வளவு இடம் பிடிக்குது?"

"நாப்பது ஜிபி."

"நூறு கேபிக்கு என் உயிரை எடுப்பீங்களே, தம்பி."

"நான் சொல்லச் சொல்ல நீங்க குறைச்சுக் குடுத்தீங்க. குறைக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு அழகா இருந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் வெச்சிருக்க வேணாமா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றே முக்காலுக்கு ஆட்டுக்குட்டி அட்டையில்லாமல் மலையேறியது. நன்றி என்றாள், அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது. இன்றும் அவனைக் கஞ்சன் என்றுதான் கூப்பிடுகிறாள். வேறு யாராவது அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும், தெரியும் சேதி.