உசரம் தெரியட்டும்

முக்கூடல் ஆற்றங்கரையில் அழிந்துபோன மருத மரங்களை மறுபடி நடுகிற எங்கள் குழுவில், நட்டவர்தான் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். என் கணவர் ஒரு கன்றை நட்டுவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். குடம் சுமந்தது நான். ஞாயிறுதோறும் வீடியோ காலில் வந்து, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், "மரக்கன்னைக் காட்டு" என்பார். காட்டினால், "நீயும் பக்கத்துல நில்லு, உசரம் தெரியட்டும்" என்பார். யாரிடமாவது போனைக் கொடுத்துவிட்டு எரிச்சலோடு போய் நிற்பேன். கன்று முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. அவருக்கு லீவு மட்டும் கிடைக்கவில்லை.

போன வாரம் மருதம் என் தலையைத் தாண்டிவிட்டது. "இனி என்னை எதுக்கு நிக்கச் சொல்லுதிய? மரம்தான் நல்லாத் தெரியுதே" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திப் பைய, "மரத்தை யாரு பார்த்தா?" என்றார்.