ஆய்வுத் துறையை நிரப்பாமலே போன குமரேசன் சார்

குமரேசன் சார் போய்விட்டார். இன்று காலை, ஹார்ட் அட்டாக். ஐம்பத்தொரு வயது.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "பெரிய ஸ்காலரை இழந்துவிட்டோம்" என்று ஒருவர். ஸ்காலராம்... ஒன்பது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

அடுகோடி ஆபீஸில் மொபைல் மெனுக்களைத் தமிழாக்கும் வேலை எங்களுக்கு. உங்கள் ஃபோனில் 'பிறகு நினைவூட்டு' என்று வந்தால் அவர் போட்டதாக இருக்கலாம்.

வருடா வருடம் பி.எச்டி. அப்ளிகேஷனைப் பிரிண்ட் எடுப்பார். பெயர், முகவரி எல்லாம் முத்து முத்தாக. 'ஆய்வுத் துறை' கட்டம் மட்டும் காலி. ஒரு வருடம் மொழியியல், மறு வருடம் மானுடவியல், அப்புறம் நாட்டார் வழக்காற்றியல்... டீ பிரேக்கில் மட்டும் மூன்று துறை நிபுணர்.

இந்தத் தள்ளிப்போடல் அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

நான் அல்சூர்க்காரி, எம்.ஏ. வரலாறு. அந்தக் காலத்தில் கண்டோன்மெண்ட் வெள்ளைக்காரர் பங்களாக்களில் சமைத்த எங்கள் ஆட்களைப் பற்றி ஆய்வு செய்யணும் என்றேன்.

"ஹிஸ்டரியா? ஸ்கோப் இல்லமா. சோசியாலஜி போ. அதுவும் இப்ப வேணாம், கைடு ரிட்டையர் ஆகப்போறாரு. புது ஆள் வரட்டும்."

புது ஆள் வந்தார். "செட் ஆகட்டும்மா." செட் ஆனார், அவரிடம் சீட்டும் நிரம்பியது. அதற்குள் எனக்கு ஃபெல்லோஷிப் வயது வரம்பு தாண்டிவிட்டது.

சொன்னேன். டீயை உறிஞ்சிக்கொண்டே, "பார்ட் டைம் இருக்குல்ல, சும்னே டென்ஷன் ஆகாத" என்றார். அவர் பேச்சைக் கேட்ட என்னைச் சொல்லணும்.

மத்தியானம் ஈஜிபுராவில் அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் அதற்குள் ஃப்ளெக்ஸ். 'முனைவர் குமரேசன்', கொட்டை எழுத்தில்.

அவர் தம்பியைப் பார்த்தேன். "அண்ணன் நாலு வருஷம் முன்னாடியே டாக்டரேட் முடிச்சிட்டாரே மேடம். உங்க ஆபீஸ்ல பார்ட்டிகூட வச்சீங்களாமே?"

வந்த கோபத்துக்கு அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். அந்த மனிதர் கண்ணெல்லாம் சிவந்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா," என்றேன். "கேக் வெட்டினோம்."

கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, சார். வீட்டுக்கு வந்ததும் என் அப்ளிகேஷனைத் திறந்து, அந்தக் கட்டத்தில் வரலாறு என்று போட்டு அனுப்பிவிட்டேன். பார்ட் டைம்தான்.

இந்தப் பதிவு ஆபீஸ் நண்பர்களுக்கு மட்டும். ஷேர் செய்யாதீர்கள். நாளை பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள்.

அங்கே யாராவது கேட்டால், கேக் வெட்டினோம். சாக்லேட் கேக்.

போய் வாருங்கள், சார்.